காசிலும் தமிழில்லை, காவலர் வாயிலும் தமிழில்லை!

மதுரை என்றால் தமிழ். தமிழ் என்றால் மதுரை. கழகம் கண்டு மொழியாய்ந்த மூதூர் என்று உலகம் போற்றும் அந்நகரின் வானூர்தி நிலையத்தில், 2022-ஆம் ஆண்டு (திருவள்ளுவராண்டு 2053) திசம்பர் இறுதியில் நிகழ்ந்த ஒன்றைத் தமிழ்மக்கள் இந்நேரம் மறந்திருப்பர். அது மறக்கத்தக்கதன்று.

திரைப்பட நடிகர் சித்தார்த் தம் முதிய பெற்றோருடன் அந்நிலையத்திற்குச் சென்றார். கூட்டமே இல்லாத வேளையில் இருபது மணித்துளி தாங்கள் அலைக்கழிக்கப்பட்டதாகவும், பெற்றோரின் பைகளில் கிடந்த காசுகளை வெளியே எடுக்கச் செய்ததாகவும், ஆங்கிலத்தில் பேசுமாறு கேட்ட பின்னும் காவலர் திரும்பத் திரும்ப இந்தியிலேயே பேசியதாகவும், தட்டிக் கேட்டபோது இந்தியாவில் இப்படித்தான் என்னும் பொருள்பட விடை வந்ததாகவும் அவரே பொதுவில் எழுதினார். படையின் பெயரை அவர் நடுவண் சேமக் காவற்படை என்று மாற்றி எழுதியிருந்தார். அங்கு நிற்பது நடுவண் தொழிலகப் பாதுகாப்புப் படை. அவர் சொன்னது அவர் தரப்பு. மற்றொரு தரப்புக்கும் சொல்வதற்கு இருக்கும். ஆயினும் ஒன்று உறுதி: அவர் இந்தி அறியாதவர் அல்லர், இந்தித் திரைப்படங்களில் நடித்தவர். எனவே அம்முறையீடு அறியாமையில் எழுந்ததன்று; உரிமையில் எழுந்தது.

எடுக்கச் சொன்ன பொருள் யாது? கத்தியன்று, வெடிமருந்தன்று, காசு! கடைத்தெருவில் மிச்சம் வாங்கிப் பைக்குள் போட்ட சில்லறைக் காசு!

காசைச் சோதித்தது தவறென்று இங்கு எவரும் சொல்லவில்லை. ஊடுகதிர்ப் பொறியில் துணியும் தாளும் ஒளிபுகத் தெரியும். மாழை அடர்ந்து தெரியும். காசுகள் குவியலாகக் கிடந்தால் கதிர் ஊடுருவாத கருந்திட்டாகத் தோன்றும். அதன் பின்னே என்ன இருக்கிறதென்று காவலர் அறிய விரும்புவது முறையே. பையைத் திறக்கச் சொல்லட்டும். காசைக் கொட்டிக் காட்டச் சொல்லட்டும். வானில் பறக்கும் நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு அக்காப்புத் தேவை. ஆனால் எம்மொழியில் சொல்வது? மதுரையில் நின்றுகொண்டு, மதுரைக் காற்றைக் குடித்துக்கொண்டு, மதுரை மக்களின் வரிப்பணத்தில் கூலி பெற்றுக்கொண்டு, தில்லி மொழியில் ஏவுவதா?

அக்காசுகளைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் இன்னொன்றையும் காண்பர். அன்றாடம் புழங்கும் ஓர் உருபாக் காசு முதல் இருபது உருபாக் காசு வரை எதைப் புரட்டினாலும் இந்தியும் ஆங்கிலமுமே இருக்கும். தமிழ் ஓர் எழுத்தும் இராது. பணத்தாளின் பின்புறம் பதினைந்து மொழிகளின் பட்டியலில் ஒரு வரி இடம் தமிழுக்குக் கிடைத்தது. காசில் அதுவும் இல்லை. நினைவுக் காசுகளில் எப்போதோ அரிதாகத் தமிழ் எட்டிப் பார்க்கும். 2024 ஆகத்து மாதம் கலைஞர் மு. கருணாநிதி நூற்றாண்டையொட்டி வெளியிட்ட நூறு உருபாக் காசில் ‘தமிழ் வெல்லும்’ என்னும் சொற்கள் பொறிக்கப்பெற்றன. ஆனால் அது பேழையில் வைக்கும் காசு. காய்கறிக் கடையில் மாறும் காசன்று.

காசு என்னும் சொல்லே தமிழ். கீழை நாடுகளில் வழங்கிய சிறு நாணயங்களுக்கு ஆங்கிலர் இட்ட பெயர், போர்த்துக்கீசியர் வாய்வழி சென்ற இத்தமிழ்ச் சொல்லே என்பதைச் சொற்பிறப்பு அறிந்தோர் ஒப்புவர். சொல்லைத் தந்த மொழிக்கு அப்பொருளின்மேல் இடமில்லை! பாண்டியன் பெருவழுதியின் செப்புக் காசில் அவன் பெயர் தமிழி எழுத்தில் இருக்கின்றது. சேரரின் வெள்ளிக் காசில் மாக்கோதை என்னும் பெயர் தமிழி எழுத்தில் இருக்கின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழெழுத்துத் தாங்கிய காசு, இன்று அவ்வெழுத்தை இழந்து நிற்கின்றது.

எல்லா நாட்டிலும் இதே நிலையோ? இல்லை. சிங்கப்பூர்க் காசை எடுத்துப் பார்க்க. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு ‘சிங்கப்பூர்’ என்று தமிழிலும் பொறித்திருக்கும். இலங்கைக் காசை எடுத்துப் பார்க்க. தமிழினத்தைக் குருதியில் மூழ்கடித்த அவ்வரசின் காசில்கூட ‘இலங்கை’ என்று தமிழெழுத்து உண்டு. மொரீசியசு நாட்டுப் பணத்தாளில் தமிழ் உண்டு. 1998-இல் அத்தாளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சிட்டபோது அங்குள்ள தமிழர் கிளர்ந்தெழ, அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்று மாற்றி அச்சிட்டது. கடல்கடந்த சிறு தீவில் வாழும் தமிழர்க்கு இருந்த உணர்வு, ஏழு கோடிக்கு மேற்பட்ட தாய்நிலத் தமிழர்க்கு எங்கே போயிற்று?

ஆக, சோதனைத் தட்டில் விழுந்த காசிலும் தமிழில்லை. அதைக் கொட்டச் சொன்ன வாயிலும் தமிழில்லை. இவ்விரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

அவ்வேரைத் தோண்டிக் காண்பது நலம். வானூர்தி நிலையக் காவல் தொடக்கம் முதல் நடுவண் படையிடம் இருந்ததன்று. அந்தந்த மாநிலக் காவல்துறையே அதைப் பார்த்து வந்தது. 1999 திசம்பர் 24-ஆம் நாள் காத்துமாண்டுவினின்று தில்லிக்குப் புறப்பட்ட இந்திய வானூர்தி கடத்தப்பட்டுக் காந்தகாரில் இறக்கப்பட்டது. அதன் விளைவாக, 1969-இல் தொழிற்கூடங்களைக் காக்கவென்று தோற்றுவித்த நடுவண் தொழிலகப் பாதுகாப்புப் படை, 2000 பிப்பிரவரியில் செய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு நிலையமாக ஏற்றுக்கொண்டது. கடத்தப்பட்டது காத்துமாண்டுவில் கிளம்பிய வானூர்தி. வாயிலை இழந்தவர் தமிழ்நாட்டுக் காவலர்! காவலர் மாறினர், காவலரோடு மொழியும் மாறிற்று. நூற்றுக்கணக்கான பயணியரை நாள்தோறும் தொட்டுச் சோதிக்கும் பணிக்கு அவ்வூர் மொழி தெரிந்திருக்க வேண்டுமே என்று எண்ணிப் பார்ப்பார் இல்லை. ஆலைக் கதவைக் காக்கும் காவலர்க்கு மொழி வேண்டா. இரும்புப் பொறி பேசாது. மக்களைச் சோதிக்கும் காவலர்க்கு மொழி வேண்டும், மாந்தர் பேசுவர்!

இதனால் விளைந்தவை ஒன்றிரண்டல்ல. 2011-இல் மாந்திரியால் திரைப்பட விழாவினின்று திரும்பிய இயக்குநர் வெற்றிமாறன், இந்தி தெரியாது என்று சொன்னதற்காகத் தில்லி வானூர்தி நிலையத்தில் முக்கால் மணிநேரம் நிறுத்தி வைக்கப்பட்டதைப் பின்னாளில் வெளிப்படுத்தினார். 2020 ஆகத்து 9-ஆம் நாள், சென்னை வானூர்தி நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறு கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியைப் பார்த்து, நீங்கள் இந்தியரா என்று கேட்டார் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர். எந்த ஒரு மொழியையும் வற்புறுத்துவது தன் கொள்கையன்று என்று அப்படை அறிவித்து, ஆய்வுக்கும் ஆணையிட்டது. 2023 திசம்பரில் கோவா வானூர்தி நிலையத்தில் தமிழ்ப் பெண்ணொருவர், இந்தி தெரியாமைக்காக இழிவுபடுத்தப்பட்டார். இந்தி தேசிய மொழி, கற்றுக்கொள் என்று அவருக்குப் பாடம் நடத்தப்பட்டது. முதலமைச்சராக இருந்த மு.க. இசுடாலின் கண்டித்தார். ஒவ்வொரு முறையும் ஒரு கண்டனம், ஒரு வருத்தம், ஓர் ஆய்வு. மறுமுறை மீண்டும் அதே கதை!

இந்தி தேசிய மொழி என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்றே சொல்கிறது. தேசிய மொழி என்று எங்கும் சொல்லவில்லை. அப்படி அறிவிக்கும் சட்டப்பிரிவோ ஆணையோ எதுவும் காட்டப்பெறவில்லை என்று 2010-இல் குசராத்து உயர்நீதிமன்றமே கூறியது. அது தமிழர் அமைத்த நீதிமன்றமன்று.

இன்னும் வலிய சான்று ஒன்று உண்டு. தமிழரில் பலர் அறியாதது. நடுவணரசு அலுவலகங்களில் இந்தியைப் புகுத்தும் அலுவல் மொழி விதிகள் 1976-இல் ஆக்கப்பெற்றன. அவ்விதிகளின் முதல் விதியே, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று கூறுகிறது. தமிழ்நாடு நீங்கலாக! 1938-இல் தொடங்கி, நடராசனும் தாளமுத்துவும் சிறையில் உயிரீந்து, 1965-இல் தமிழ் மாணவர் நெஞ்சுகாட்டி நின்று பெற்ற இரு சொற்கள் அவை. அலுவலகத் தாளில்கூட இந்தியை ஏவும் விதி எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மண்ணில், நிலைய வாயிலில் நிற்கும் காவலர் எந்த விதியின் வலிமையால் இந்தியில் ஆணையிடுகிறார்? விதியன்று, பழக்கம். பழக்கமன்று, செருக்கு. கேட்பாரில்லை என்னும் துணிவு.

நடிகர்க்கு நேர்ந்தது செய்தியாகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்க்கு நேர்ந்தது பேச்சாகிறது. பெயரற்ற எளியோர்க்கு நேர்வது என்னாகிறது? மதுரை வானூர்தி நிலையம் மதுரைக்கு மட்டும் உரியதன்று. 1996-இல் மதுரை மாவட்டத்தினின்று பிரிந்த தேனி மாவட்டத்திற்கு வானூர்தி நிலையம் இல்லை. பெரியகுளத்தார்க்கும் போடியார்க்கும் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்க்கும் அதுவே வான்வாயில்.

கோடைமலையின் அடிவாரத்தில் இருக்கும் கெங்குவார்பட்டியினின்று ஒரு மூதாட்டி அங்குப் புறப்படுவதாக எண்ணிப் பார்க்க. சென்னையில் வேலை பார்க்கும் மகன் சீட்டு எடுத்து அனுப்பியிருக்கிறான். வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தேறி மதுரைக்கு வந்து சேர்கிறாள். இடுப்பில் சுருக்குப்பை. அதனுள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புக் கரண்டகம், பத்துப் பதினைந்து சில்லறைக் காசு. அவற்றோடு, பேத்தியின் நோய் தீரவேண்டி மூங்கிலணைக் காமாட்சியம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு ஒன்று. பொறி கரண்டகத்தைக் காட்டுகிறது, காசைக் காட்டுகிறது, மஞ்சள் முடிப்பையும் காட்டுகிறது. காவலர் எதையோ சொல்கிறார். அவளுக்கு விளங்கவில்லை. குரலை உயர்த்திச் சொல்கிறார். குரல் உயர்ந்தால் மொழி விளங்கிவிடுமா? சுருக்குப்பையைச் சுட்டுகிறார், மஞ்சள் முடிப்பை அவிழ்க்கக் கைகாட்டுகிறார். அது வேண்டுதல் காசு, ஐயா, அவிழ்த்தால் ஆகாது என்கிறாள் அவள். அவருக்கு விளங்கவில்லை. பின்னால் நிற்போர் பொறுமையிழக்கின்றனர். தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக அவள் நடுங்குகிறாள்.

தமிழறிந்த காவலர் ஒருவர் அங்கிருந்தால் என்ன நிகழும்? ‘ஆத்தா, அந்த முடிப்பை அவிழ்க்க வேண்டா, இந்தத் தட்டில் மட்டும் வையுங்கள், பார்த்துத் தருகிறேன்’ என்பார். அரை மணித்துளியில் சோதனை முடியும். காப்புக்கும் குறைவில்லை, மதிப்புக்கும் குறைவில்லை. நடிகர் நான்கு மொழியில் வாதாடுவார். நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் எழுப்புவார். கெங்குவார்பட்டி மூதாட்டி எங்கே எழுப்புவாள்? எந்த மொழியில் எழுப்புவாள்?

இதற்கு எதிராகச் சிலர் சொல்வனவும் உண்டு. நாட்டின் பாதுகாப்புக்கு ஒரே மொழி வேண்டும் என்பர் ஒரு சாரார். ஏவல் விளங்காத இடத்தில் பாதுகாப்பு ஏது? ஆபத்து வேளையில் ‘ஓடு’ என்பதும் ‘நில்’ என்பதும் மக்களுக்கு விளங்காவிடில் காவற்படையே ஆபத்தாகாதா? மொழி விளங்குவதே முதற் பாதுகாப்பு. வானூர்தியில் பறப்போர் எல்லாரும் ஆங்கிலம் அறிந்தோர் என்பர் மற்றொரு சாரார். வளைகுடா நாட்டில் கட்டட வேலைக்குப் போகும் இளைஞரையும், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் முதியோரையும் அவர்கள் கண்டதில்லை போலும். வடபுலத்தினின்று வந்த காவலர் பாவம், எத்தனை மொழிதான் கற்பார் என்பாரும் உளர். அக்காவலர்மேல் இங்கு யாருக்கும் பகையில்லை. அவரும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை. பிழைப்புக்காகத் தொலைநிலம் வந்தவர். குற்றம் அவரை அங்கு நிறுத்தியவருடையது. சோதனைக்கு வேண்டுவன ஐம்பது சொற்கள். பை, காசு, காலணி, கழற்றுங்கள், திறங்கள், போகலாம். ஒரு திங்களில் கற்கலாம். மூன்று ஆண்டு தமிழ்நாட்டில் நிற்பவர்க்கு ஐம்பது சொல் கற்பிக்க முடியாத அரசு, மூன்று நாள் வடக்கே செல்லும் தமிழர்க்கு இந்தி கற்கச் சொல்வது எந்த அறம்?

விதியை மாற்ற முடியாது என்றும் சொல்வர். மாற்றவேண்டும் என்று எண்ணினால் விதி எப்படி இளகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. வானூர்திக்குள் கத்தி கூடாது என்பது விதி. ஆயினும் 15.24 செ.மீ. அலகும் 22.86 செ.மீ. முழுநீளமும் மிகாத கிர்பான் என்னும் குறுவாளை, உள்நாட்டுப் பறப்பில் சீக்கியப் பயணியர் உடன்கொண்டு செல்லலாம் என்று இசைவு உண்டு. 2022 மார்ச்சு ஆணை அதை உறுதி செய்தது. கைப்பையில் தேங்காய் கூடாது என்பது விதி. ஆயினும் 2024 அக்தோபரில், சபரிமலை செல்வோர் இருமுடித் தேங்காயை 2025 சனவரி 20 வரை உடன்கொண்டு செல்லலாம் என்று விலக்கு வந்தது. இவை வந்தது நன்று. எவர் நம்பிக்கையும் மதிக்கத்தக்கதே. ஆனால் வாளுக்கு இளகும் விதி, தேங்காய்க்கு இளகும் விதி, தாய்மொழிக்கு மட்டும் ஏன் இறுகி நிற்கிறது? வாளை விடுவதற்கேனும் விதியில் வரி சேர்க்கவேண்டும். தமிழ் பேசுவதற்கு எந்த வரியையும் திருத்த வேண்டுவதில்லையே!

குறை வெளியில் மட்டும் இல்லை. நடிகர் கேட்டது என்ன? ஆங்கிலத்தில் பேசுங்கள் என்பது. மதுரையில் நின்ற தமிழர், தமிழில் பேசுங்கள் என்று கேட்டதாக அவர் எழுத்தில் இல்லை! இந்திக்கு மாற்று ஆங்கிலம் என்னும் எண்ணம் தமிழர் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. ஆங்கிலம் அறிந்தவர் ஆங்கிலத்தால் தப்பிக்கொள்வர்; கெங்குவார்பட்டி மூதாட்டிக்கு இந்தியும் ஒன்றே, ஆங்கிலமும் ஒன்றே. இந்தி வேண்டா என்பது பாதி. தமிழ் வேண்டும் என்பதே முழுமை. கடைப் பலகையில் தமிழைத் துரத்தி, பிள்ளைகளின் பெயரில் தமிழைத் துரத்தி, திருமண அழைப்பிதழில் தமிழைத் துரத்திவிட்டு, வானூர்தி நிலையத்தில் மட்டும் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? வீட்டில் இல்லாத விளக்கு வீதியில் எரியாது.

தேனி மாவட்டத்து மண்ணே இதற்கு நாணும். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் தமிழி எழுத்துகள் உள்ளன. ஆநிரைப் போரில் மாய்ந்த வீரனை அவற்றுள் ஒன்று பேசுகின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மாடு மீட்டு மாய்ந்தவனுக்குத் தமிழில் கல் நாட்டினர் அம்மண்ணினர். அவர் வழிவந்தோர், தம் காசைத் திறந்து காட்டும் இடத்தில் தமிழ் கேட்கக் கூசுகின்றனர்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. வானூர்தி நிலைய அறிவிப்புகள் முதலில் அவ்விட மொழியில் வரவேண்டும் என்று 2018 திசம்பரில் ஆணை வந்தது. நடுவண் ஆயுதப் படைகளின் காவலர் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலுமே நடந்து வந்தது. தமிழ்நாட்டின் குரல் எழுந்த பின், 2023 ஏப்பிரலில், தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் நடக்கும் என்று உள்துறை அறிவித்தது. 2024 முதல் அவ்வாறே நடக்கின்றது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே செல்வதற்கு ஆள் வேண்டும்.

எனவே தமிழ் உணர்வாளர் செய்ய வேண்டுவன சில. தமிழ்நாட்டு வானூர்தி நிலையங்களின் ஒவ்வொரு சோதனை வாயிலிலும், எல்லா வேளையிலும், தமிழறிந்த காவலர் ஒருவரேனும் நிற்கவேண்டும் என்று ஊராட்சி, பேரூராட்சி தோறும் தீர்மானம் இயற்றி அனுப்புக. பிற மாநிலக் காவலர்க்குப் பணியேற்கும் முன் தமிழ்ப் பயிற்சி கட்டாயமாதல் வேண்டும் என்று வற்புறுத்துக. அன்றாடக் காசில் தமிழ் வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்க. காவலர் தேர்வைத் தமிழில் எழுதுமாறு ஊர் இளைஞரைத் தூண்டுக. கெங்குவார்பட்டிப் பிள்ளை மதுரை வாயிலில் நின்றால் கெங்குவார்பட்டி மூதாட்டி நடுங்க வேண்டியதில்லை. எல்லாவற்றினும் மேலாக, வானூர்தி நிலையத்தில் கால் வைக்கும் ஒவ்வொரு தமிழரும், எத்துணை மொழி அறிந்தவராயினும், ‘தமிழில் சொல்லுங்கள்’ என்று முதற்சொல் சொல்லுக. சினமின்றிச் சொல்லுக, பணிவாகச் சொல்லுக, ஆனால் விடாமல் சொல்லுக. ஒருவர் சொன்னால் முறையீடு. ஓராயிரவர் நாள்தோறும் சொன்னால் அதுவே விதி!